மான்டிசோரியா, ரெஜியோவா?

பெண்ணுக்கு மூன்று வயது ஆனதும் பள்ளி தேடத் தொடங்கினோம். வேளச்சேரியில் தெருவுக்கு ஒரு ‘மான்டிசோரி’ பலகை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் பலகையை நம்பிப் பயனில்லை. மான்டிசோரி என்பது தனிப் பொருட்களைக் கையாண்டு பிள்ளையே கற்கும் முறை; ரெஜியோ எமிலியா, பிள்ளையின் கேள்வியையே பாடமாக்கும் முறை. ஒரு மான்டிசோரி, ஒரு ரெஜியோ எமிலியா என்று இடத்துக்கு ஒரு காலை உட்கார்ந்து பார்த்தோம்.

மான்டிசோரியில் ஒரு பையன் உருளைக் கட்டையை வைத்துக்கொண்டிருந்தான். பத்துக் குழி, பத்து உருளை. நடுவில் மெல்லிய உருளை ஒன்றை அகலக் குழியில் போட்டுவிட்டான். கடைசியில் கையில் மிஞ்சியது குண்டு உருளை, காலியாக இருந்ததோ சின்னக் குழி. டீச்சர் பக்கத்திலேயே இருந்தும் வாய் திறக்கவில்லை. அவனே எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி ஆரம்பித்தான். தப்பைக் காட்டிக்கொடுத்தது கட்டைதான். இன்னொரு மூலையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ‘ழ’வை ஒரு சிறுமி விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்று. என் பெண் இளஞ்சிவப்புக் கோபுரத்தின் கட்டைகளை வரிசையாக வைத்து ரயில் விட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே அதைக் கோபுரமாக அடுக்கிக் காட்டினார். அங்கே பொருளுக்கென்று ஒரு வேலை உண்டு.

ரெஜியோவில் அந்த ரயில்தான் பாடமாகியிருக்கும். 1945இல், போர் முடிந்த கையோடு, இத்தாலிய ஊர்மக்கள் ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன டாங்கியை விற்றுப் பள்ளி கட்டியதில் தொடங்கிய வழி இது. ஆசிரியர் மலாகுஸ்ஸி வந்து சேர்ந்துகொண்டார். தனிப் பொருட்கள் கிடையாது. குழந்தை கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் போவார்கள். நாங்கள் போனபோது மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்பது ஓடிக்கொண்டிருந்தது. வேளச்சேரிப் பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்! அவர்கள் பேசியது அப்படியே எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. அழகுதான். ஆனால் எல்லாம் டீச்சர் காதில் இருக்கிறது. கேட்கத் தெரியாதவர் கையில் இது வெறும் கிராஃப்ட் வகுப்பு.

மான்டிசோரிக்குப் பயிற்சி பெற்றவர்கள் இங்கே கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1939இல் இந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரியே அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து பயிற்சி நடத்தினார்.

காசு இடித்தால் அங்கன்வாடி இருக்கிறது. செலவில்லை, தமிழில் பேசுவார்கள், சாப்பாடும் உண்டு. பிள்ளை இழுத்த வழியில் போவதெல்லாம் அந்தந்த அக்காவைப் பொறுத்தது.

இரண்டு இடத்திலும் கிளம்பும்போது, “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?” என்று கேட்டோம். ரெஜியோ டீச்சர் ஜூனில்தான் சேர்ந்தாராம். உருளைக் கட்டை டீச்சர், “பதினோரு வருஷம் ஆச்சு சார்” என்றார். அங்கேயே ஃபீஸைக் கட்டினோம்.