வெப்ஹுக் அறிவிப்பு: ரிக்வெஸ்ட்ஸ் போதுமா, அப்ரைஸ் வேண்டுமா?

பைத்தான் ஸ்கிரிப்ட்டிலிருந்து ஒரே ஒரு டிஸ்கார்ட் சேனலுக்குத்தான் செய்தி போக வேண்டுமென்றால், இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமே போதும். வெப்ஹுக் முகவரிக்கு (சேனலில் செய்தி இடுவதற்கென டிஸ்கார்ட் தரும் இணைய முகவரி) ஜேசன் வடிவில் ஒரு போஸ்ட் கோரிக்கை. செய்தி ‘கன்டென்ட்’ புலத்தில் இருக்க வேண்டும். ஸ்லாக்குக்கு எழுதிய பழக்கத்தில் ‘டெக்ஸ்ட்’ என்று போட்டால் 400 (தவறான கோரிக்கை) என்ற பிழை திரும்பி வரும்.

ஆனால் சில பொறிகள் உண்டு. ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பாக டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கிடையாது. எதிர்முனை வாய் திறக்காவிட்டால் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) அப்படியே தொங்கும். 5 விநாடி வைத்துவிடுங்கள். 4xx, 5xx பிழைக் குறியீடுகள் வந்தாலும் தானாக எக்ஸெப்ஷன் எழாது, நிலைக் குறியீட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். டிஸ்கார்ட் வெற்றிக்கு வழக்கமாகத் தருவது 204. 200-ஐ மட்டும் எதிர்பார்க்கும் நிரல், போய்ச் சேர்ந்த செய்தியையே மறுபடி மறுபடி அனுப்பிக் கடைசியில் 429 (கோரிக்கைகள் வரம்பு மீறின) வாங்கும். அப்போது பதிலில் எத்தனை விநாடி பொறுக்கச் சொல்கிறதோ, அத்தனை விநாடி பொறுத்தாக வேண்டும்.

பல சேவைகளுக்கு அறிவிப்பு அனுப்பும் பைத்தான் நூலகமான அப்ரைஸில் இணைப்புக்கும் வாசிப்புக்கும் தலா 4 விநாடி டைம்அவுட் ஏற்கெனவே உண்டு. டிஸ்கார்டின் வரம்பான 2000 எழுத்தைத் தாண்டும் லாக்கை, அப்ரைஸ் முகவரியில் ‘ஓவர்ஃப்ளோ’வை ‘ஸ்ப்ளிட்’ ஆக்கினால் துண்டுதுண்டாக அனுப்பும். டெலிகிராம், மின்னஞ்சல் சேர்க்க ஆளுக்கொரு வரி. குறை ஒன்று: மூன்றில் ஒன்று தவறினாலும் ஒட்டுமொத்தமாக ‘ஃபால்ஸ்’தான் கிடைக்கும், எது தவறியது என்பதை லாக்கில் தேட வேண்டும். உள்ளே அதுவும் ரிக்வெஸ்ட்ஸைத்தான் பயன்படுத்துகிறது, கூடவே யாமல், மார்க்டவுன் தொகுப்புகளையும் இழுத்து வரும். சிறிய கன்டெய்னரில் இது உறுத்தலாம்.

இரண்டு சேவைக்கு மேல் போனால் அப்ரைஸ். எதுவானாலும் வெப்ஹுக் முகவரியை கிட் (Git) நிரல் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். அது கையில் கிடைத்த எவரும் உங்கள் சேனலில் எழுதலாம்.