குன்னூர்க் குளிரில் மூன்று வருடம்: வாட்டர் ஃப்ளாசர் அனுபவம்

கோத்தகிரியில் இருக்கும் சித்தி மகள் நேற்றுப் போனில் கேட்டாள். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அந்தத் தண்ணி பீய்ச்சுற மெஷின் இப்போ 1,500க்கு வருது. வாங்கட்டுமா?" வேண்டாம் என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அது நியாயம்தானா என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாட்டர் ஃப்ளாசர் என்பது பல் இடுக்கில் தண்ணீரைத் தாரையாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மெஷின். என்னிடம் இருப்பது சார்ஜ் போடும் வகை, 200 மில்லி டேங்க். வாங்கும்போது 2,600 ரூபாய். அப்போது எனக்கு ஈறு வீங்கி, துப்பினால் ரத்தம் வரும். பிரஷ் குத்திவிட்டது என்றே நினைத்திருந்தேன். பல் டாக்டர், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கைச் செய்துவிட்டு, "பிரஷ் போகாத இடத்துலதான் உங்க பிரச்சினை" என்றார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயந்திரம் டீயோடு வர்க்கி இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது போகாது. அந்த வர்க்கித் துகள் கடைவாய்ப் பல் இடுக்கில் புகுந்து மாவாக அப்பிக்கொள்ளும். முதல் நாள் இரவு நன்றாகப் பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, அதற்குப் பிறகுதான் மெஷினை வைத்தேன். வாஷ்பேசினில் பழுப்பாக ஒரு துணுக்கு விழுந்தது. இத்தனை வருடம் இது உள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. ஆறு மாதம் கழித்து டாக்டர் அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எண் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொண்டார். "மூணு, ரெண்டு, மூணு." முதல் தடவை அதே பல்லுக்கு அஞ்சு மில்லிமீட்டர் வந்திருந்தது. மூன்று வரை இருந்தால் நல்ல ஈறு. இந்தப் பெருமையில் பாதி ஸ்கேலிங்குக்குச் சேர வேண்டியது. கெட்டிப்பட்ட காரையை வீட்டில் எந்த மெஷினும் பெயர்க்காது.

ஆனால் அந்தத் தண்ணீர்! டிசம்பர், ஜனவரியில் குன்னூரில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். ஈறு இறங்கி எனக்கு இரண்டு பற்களில் வேர் வெளியே தெரிகிறது. எனாமல் இல்லாத அந்த இடத்தில் தாரை பட்டதும் காது வரை விண்ணென்று இழுக்கும். சரி, வெதுவெதுப்பாக ஊற்றலாம். அதற்குக் கெட்டிலில் சுட வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ரொம்பச் சூடாக ஊற்றினால் மெஷின் கெட்டுவிடும். ஒரு டேங்க் மேல்வரிசைக்கே தீர்ந்துவிடும். கீழ்வரிசைக்கு நிரப்பப் போனால் கலந்து வைத்தது ஆறிக் கிடக்கும். வேலை முடிந்து களைத்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு இந்தப் பாடு. இப்படியே நாட்கள் தவறின. தவறிய வாரங்களில் ரத்தம் திரும்பி வந்தது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

மழை, மூடுபனி மாதங்களில் டேங்க் காயாமல் ரப்பரில் கரும்பூஞ்சை பிடிக்கும். பழைய பிரஷால் தேய்த்தால் போய்விடும், அது பெரிதில்லை. போன வாரம் சார்ஜ் போடும் துளையில் ஈரம் இறங்கி மெஷின் நின்றுவிட்டது. செல்போன் பழுது பார்க்கும் தம்பி 350 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுத்தான். அந்தக் கோபமும் என் பதிலில் சேர்ந்திருக்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. போன மாதம் டாக்டர் என் பல்லில் ரோஸ் நிறச் சாயம் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். படிவு இருக்கும் இடத்தில் சாயம் பிடித்துக்கொள்ளும். துணுக்கு ஒன்றுகூட இல்லை, ஆனால் இடுக்குக்கு இடுக்கு ரோஸ் கோடு. பசைபோல ஒட்டும் படிவைத் தண்ணீர் மட்டும் முழுசாக எடுக்காது, எதையாவது வைத்து உரச வேண்டும் என்றார். ஊசி கனத்தில் ஒரு குட்டி இடுக்கு பிரஷை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். கோடு போய்விட்டது. அதற்குக் கெட்டிலும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

மலையடிவாரத்தில், இந்தக் குளிர் இல்லாத மேட்டுப்பாளையத்தில் இருந்து கேட்டிருந்தால் வாங்கிக்கோ என்றிருப்பேன். பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கு மலையிலும் இது உதவும். என்னுடையதை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. உனக்கு மட்டும் வேண்டாம்மா. அந்தக் காசில் முதலில் ஸ்கேலிங் செய்துகொள். உன் பல் இடுக்குக்கு எந்த அளவு பிரஷ் சரிப்படும் என்று அங்கேயே கேட்டு வாங்கு. ஆளுக்கு ஆள், இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும்.