ஒரே வீடியோ, மூன்று பேட்ச்: பூட்டை எங்கே போடுவது?

டிஎன்பிஎஸ்சி பயிற்சி தரும் ஓர் ஆன்லைன் மையம் என்று வைத்துக்கொள்வோம். குரூப் 4-க்குப் பணம் கட்டியவர்கள் ஒரு கூட்டம். குரூப் 2-க்குக் கட்டியவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கு குரூப் 4 பாடங்களும் சேர்த்தே கிடைக்கும். டெமோ பார்க்க வருபவர்கள் தனி. அரசியலமைப்புப் பாடத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் தனித்தனியாக யாரும் பதிவு செய்யப்போவதில்லை. வீடியோ ஒன்றுதான், யாருக்கு எது திறக்கும் என்பதுதான் மாறும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சைன்டு யுஆர்எல் (கையொப்பம் ஒட்டிய இணைய முகவரி), ஹெச்எல்எஸ்ஸில் (வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை) உள்ள ஏஇஎஸ்-128 குறியாக்கம், முழு டிஆர்எம் (சாவியைப் பார்ப்பவர் கண்ணில் காட்டாத உரிமப் பாதுகாப்பு). எதில் குறியாக்கம் வலுவானது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு முக்கியம், "இவர் பார்க்கலாமா?" என்ற கேள்வியை எந்த இடத்தில், எத்தனை தடவை கேட்க முடிகிறது என்பது.

சைன்டு யுஆர்எல்லில் வீடியோ பூட்டப்படுவதே இல்லை. சிடிஎன் (வீடியோவைப் பல ஊர்களிலிருந்து விநியோகிக்கும் சர்வர்கள்) முகவரியோடு ஒரு காலாவதி நேரமும் கையொப்பமும் ஒட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு பிடிஎஃப்புக்கு இது போதும். ஆனால் ஹெச்எல்எஸ் வீடியோ என்பது ஒரே ஃபைல் அல்ல. 6 விநாடித் துண்டுகளாக நறுக்கினால் ஒரு மணி நேர வகுப்புக்கு 600 துண்டுகள். துண்டுகளின் பட்டியலான பிளேலிஸ்டுக்கு மட்டும் கையொப்பம் வைத்துவிட்டுத் துண்டுகளைத் திறந்துபோட்டால் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் சுவரே இல்லாத கதைதான். அதனால் எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அனுமதியைப் பிரவுசரில் வைக்கும் சைன்டு குக்கீக்குப் போக வேண்டும். அப்புறம் நேரச் சிக்கல். ஒரு மணி நேரத்தில் காலாவதி என்று வைத்தால், நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன மாணவருக்குத் திரும்பி வந்ததும் 403 (அனுமதி இல்லை) பிழை வரும். ஒரு நாள் என்று வைத்தால், பணத்தைத் திரும்ப வாங்கியவரும் இரவு வரை நிம்மதியாகப் பார்ப்பார்.

ஏஇஎஸ்-128 கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஹெச்எல்எஸ்ஸிலேயே இதற்கு வசதி இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் 16 பைட் சாவியால் முழுதாகப் பூட்டப்படுகிறது. சாவி எங்கே கிடைக்கும் என்ற முகவரி பிளேலிஸ்டில் ஒரு வரியாக இருக்கும். பூட்டிய துண்டுகள் சிடிஎன்னில் யார் கைக்கும் எட்டும்படி கிடக்கலாம், கவலை இல்லை. அந்தச் சாவி முகவரி நம் சர்வரைக் காட்டினால் போதும். பாடத்துக்கு ஒரு சாவி. எந்த பேட்சுக்கு எந்தப் பாடம் என்று டேட்டாபேஸில் ஓர் அட்டவணை. குரூப் 2 மாணவருக்கு குரூப் 4 பாடம் திறக்க அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது, வீடியோவைத் தொடவே வேண்டாம். சிலர் பேட்சுக்கு ஒரு சாவி என்று வைத்து, ஒரே பாடத்தை மூன்று தடவை பூட்டி மூன்று பிரதி வைக்கிறார்கள். ஸ்டோரேஜ் பில் ஏறும் என்பதைத் தவிர அதில் ஒரு லாபமும் இல்லை.

நேரலையில் இன்னும் ஒரு சௌகரியம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சாவியை மாற்றிக்கொண்டே போகலாம். நடுவில் சந்தா முடிந்தவருக்கு அடுத்த சாவி கிடைக்காது, படம் நின்றுவிடும். ஆனால் மாற்றும் அந்தக் கணத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஒன்றாக வந்து சாவி கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் டேட்டாபேஸைத் தட்டினால் சர்வர் படுத்துவிடும். அனுமதி விவரத்தை மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கண்ணி: சாவி முகவரியையும் சிடிஎன் வழியாகவே விட்டு, பதிலை கேச் செய்யாதே (சேமித்து வைக்காதே) என்று சொல்ல மறந்தால், முதலில் வந்த சந்தாதாரருக்குக் கொடுத்த சாவியை சிடிஎன் பிறகு வருகிற எல்லாருக்கும் எடுத்து நீட்டிவிடும்.

இந்த ஏற்பாடு ஓடிடி காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. 2003-இல் சென்னையில் செட்-டாப் பாக்ஸோடு வந்த கேஸ் (CAS, கட்டியவருக்கு மட்டும் கட்டணச் சேனலைத் திறக்கும் ஏற்பாடு) முறையிலும் இதே பிரிவினைதான். சிக்னல் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுதான். அதைத் திறக்கும் சாவி சில விநாடிக்கு ஒரு தடவை மாறும். யாருக்கு எந்த பே சேனல் என்ற அனுமதி மட்டும் பெட்டிக்குத் தனியாக வரும். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பெட்டியால் திரும்பிக் கேட்க முடியாது. சந்தாவை ரத்து செய்யும் செய்தியைக் கேபிளிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இன்டர்நெட்டில் ஒவ்வொரு சாவிக்கும் வாடிக்கையாளரே வந்து கேட்கிறார். நமக்கு அது பெரிய வசதி.

சரி, ஏஇஎஸ்-128-இன் ஓட்டை எது? பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். சாவி வந்த வரி தெரியும், அளவு சரியாக 16 பைட். பணம் கட்டிய மாணவர் கையில் சாவி பச்சையாக வந்து விழுகிறது. அதை அவர் டெலிகிராமில் போட்டால் தடுக்க வழியில்லை. வெளியாளைத் தடுக்கும், உள்ளாளைத் தடுக்காது.

அந்த இடத்தைத்தான் டிஆர்எம் அடைக்கிறது. சாவி லைசென்ஸுக்குள் பூட்டப்பட்டு வந்து, பிரவுசரிலோ போனிலோ இருக்கும் மூடிய பகுதிக்குள் போய்விடும். நம் ஜாவாஸ்கிரிப்ட் கூட அதைப் பார்க்க முடியாது. பேட்ச் வாரியாகப் பிரிப்பதிலும் இதன் கை ஓங்கித்தான் இருக்கிறது. எஸ்டிக்கு ஒரு சாவி, ஹெச்டிக்கு ஒரு சாவி என்று வைத்து, குறைந்த கட்டணக்காரருக்கு முதல் சாவியை மட்டும் தரலாம். டவுன்லோடு செய்து ஏழு நாள் மட்டும் பார்க்கலாம் என்றும் லைசென்ஸிலேயே எழுதலாம்.

விலைதான் உறுத்தும். ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் கூகுளின் வைட்வைன், ஐபோனுக்கும் சஃபாரிக்கும் ஃபேர்பிளே, விண்டோஸ் பக்கம் பிளேரெடி என்று மூன்று டிஆர்எம்களையும் கட்டி மேய்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவனிக்கும் மல்டி-டிஆர்எம் சேவை எடுத்தால் தலைவலி குறையும், மாதாமாதம் பில் வரும். இவ்வளவு செய்தும் பாதுகாப்பு எல்லாக் கருவியிலும் ஒரே அளவில் இருக்காது. வைட்வைனின் பாதுகாப்பு நிலைகளில் எல்1 வன்பொருளுக்குள் இயங்குகிறது. எல்3 வெறும் மென்பொருள். அதை உடைத்துவிட்டதாக 2019-லேயே ஒரு ஆராய்ச்சியாளர் அறிவித்தார். மலிவு விலைப் போன்கள் சிலவற்றில் எல்3 மட்டும்தான் உண்டு, நம் மாணவர்களில் பலர் கையில் இருப்பதும் அந்த மாதிரிப் போன்தான். எல்1 இருந்தால்தான் படம் வரும் என்று விதித்தால் பணம் கட்டியவரையே வெளியே நிறுத்தியதாகிவிடும். இன்னொரு போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் டிஆர்எம்மும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

என் ஓட்டு, இந்த மையத்துக்கு ஏஇஎஸ்-128. டெமோ வீடியோவைப் பூட்டவே வேண்டாம். மற்றவற்றுக்குச் சாவி சர்வரில் சில நிமிடமே செல்லும் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு). திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் மாணவரின் போன் நம்பர். டெலிகிராமில் போடுகிறவரைத் தயங்க வைப்பதில் பல நேரம் டிஆர்எம்மை விட அந்த நம்பர் நன்றாக வேலை செய்யும். ஹாஸ்டலில் ஒரே லாகினை நான்கு பேர் பங்கு போடும் விவகாரத்துக்கு மூன்று முறைகளிலும் ரெடிமேட் பதில் இல்லை. ஆனால் ஒரே கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் சாவி கேட்கின்றன என்று நம் சாவி சர்வரே எண்ணி, இரண்டாவதை நிறுத்தலாம். சைன்டு யுஆர்எல்லில் இப்படி எண்ண சிடிஎன் லாகைத்தான் கிளற வேண்டும்.

டிஆர்எம்முக்குப் போக நியாயமான காரணங்கள் இரண்டுதான்: வேறொருவரின் பாடத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கியிருக்கிறோம், அவர் கேட்கிறார், அல்லது ஆஃப்லைன் டவுன்லோடு கட்டாயம் வேண்டும். அந்த நாள் வந்தால் வீடியோக்களை மறுபடி பூட்ட வேண்டியிருக்கும். பேட்ச் அட்டவணை அப்படியே இருக்கும், சாவி சர்வருக்குப் பதில் லைசென்ஸ் சர்வர் வந்து அதே கேள்வியைக் கேட்கும். அதனால் அந்த அட்டவணையை வீடியோ பிளேயர் கோடுக்குள் புதைக்காமல் இப்போதே தனிச் சேவையாக எழுதி வைத்துவிடுவது நல்லது.