மதிப்பீட்டு வரி ஆட்சேப விசாரணை: காசு வாங்காத சேவை, கணக்கோடு போகிறவருக்கு

மாநகர் மன்றம் தரும் சேவைகளில் குப்பை லாரியைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் எல்லாரும் பேசுவார்கள். மதிப்பீட்டு வரிக்கு ஆட்சேபம் சொல்லும் வசதியைப் பற்றி வாய் திறப்பவர் குறைவு. நம் வீடுகளில் வீட்டு வரி, வாசல் வரி என்பார்கள். பில்லில் 'சுக்காய் தக்சிரான்' என்றிருக்கும். அதன் கணக்கு தப்பு என்று எழுதிக் கொடுத்து, நேரில் போய் வாதாட 1976ஆம் ஆண்டு ஊராட்சி சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த ஆட்சேபத்துக்கு மலாயில் 'பந்தஹான்' என்று பெயர். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. இந்த அளவுக்கு மலிவாக அரசு கணக்கைக் கேள்வி கேட்கும் இடம் மலேசியாவில் வேறு அதிகம் இல்லை. ஆனால் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் விசாரிக்கும் குழு அல்ல, கொண்டுபோகும் வாதம்தான்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். வரி இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு. இன்னொன்று, மன்றம் வைக்கும் விழுக்காடு. ஆட்சேபம் முதல் எண்ணுக்கு மட்டும்தான். விழுக்காட்டை நிர்ணயிப்பது மாநில அரசின் ஒப்புதலோடு மன்றம் எடுக்கும் முடிவு. ஆட்சேபக் குழு அதைத் தொட முடியாது. "போன தடவை இவ்வளவு, இந்தத் தடவை இவ்வளவா?" என்பது காப்பிக்கடைக்குப் பொருத்தமான கேள்வி. குழுவின் முன் அது எடுபடாது.

சட்டம் ஐந்தே காரணங்களை ஏற்கிறது: மதிப்பு அதிகம், வரி போடக்கூடாத சொத்துக்கு மதிப்பு போட்டிருக்கிறார்கள், மன்றத்தின் மதிப்பீட்டுப் பட்டியலில் வர வேண்டியவரோ சொத்தோ விடுபட்டிருக்கிறது, மதிப்பு குறைவு, சேர்த்து மதிப்பிட வேண்டியதைப் பிரித்தோ பிரிக்க வேண்டியதைச் சேர்த்தோ போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு உதவுவது பெரும்பாலும் முதலாவது, எப்போதாவது கடைசி. ஓய்வூதியக்காரர், வேலை போய்விட்டது, தெருவிளக்கு எரிவதில்லை என்பவை உண்மையான குறைகளாக இருக்கலாம், ஆனால் இந்த ஐந்தில் வராது. வசதிக்குறைவு என்றால் வரிக் குறைப்பு கேட்டுத் தனியாக மனு எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே பலவீனமாகும்.

கோலாலம்பூரில் 2013 இறுதியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1992க்குப் பிறகு முதன்முறையாக ஆண்டு மதிப்புகளை மாற்றினார்கள். எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. கடைசியில் குடியிருப்புக்கான விழுக்காடு 6இலிருந்து 4க்கும், வணிகக் கட்டடங்களுக்கு 12இலிருந்து 10க்கும் இறங்கியது. அது பொதுமக்கள் அழுத்தத்துக்குக் கிடைத்த பலன், விசாரணை அறையில் கிடைத்ததல்ல. விழுக்காட்டை இறக்க வேண்டுமானால் கூட்டம் சேர வேண்டும். உங்கள் ஒரு வீட்டின் மதிப்பை இறக்க வேண்டுமானால் அளவுநாடா போதும்.

ஆண்டு மதிப்பு என்பது வீட்டின் விலை இல்லை. ஓர் ஆண்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய மொத்த வாடகை. பழுது, காப்புறுதி, பராமரிப்பு, வரி எல்லாம் உரிமையாளர் தலையில் என்று வைத்துக்கொண்டு போடுவது. நீங்களே குடியிருந்தாலும் இதே கணக்குதான். வீட்டுக் கடன் தவணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜொகூரில் மட்டும் வழி வேறு: அங்கே சந்தை விலையை அடிப்படையாகக் கொண்ட 'நிலாய் தம்பா' முறை, எனவே வாடகை ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை, விற்பனை விலைதான் பேசும். சட்டத்தின் உச்சவரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, ஜொகூர் வழியில் 5 விழுக்காடு.

மதிப்பீட்டு அதிகாரி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து பார்த்து வாடகை சொல்வதில்லை. ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே மாதிரி தெரஸ் (வரிசை) வீடுகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டு பெருக்குவார். அறைகள் இருக்கும் முக்கியத் தரைப்பரப்புக்கு முழு வீதம்; கார் நிறுத்துமிடம், பால்கனி, பின்பக்க முற்றம் போன்ற துணைப் பரப்புக்கு அதைவிடக் குறைந்த வீதம். தவறு நுழையும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கணக்குக்காக ஒன்றைப் பார்ப்போம். முக்கியப் பரப்பு 110 சதுர மீட்டர், கார் நிறுத்துமிடம் 20. மாத வீதம் சதுர மீட்டருக்கு 9 வெள்ளி, துணைப் பரப்புக்கு 4.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 990 வெள்ளியும் 90 வெள்ளியும் சேர்ந்து மாதம் 1,080. ஆண்டு மதிப்பு 12,960. 4 விழுக்காட்டில் வரி 518.40 வெள்ளி. கார் நிறுத்துமிடத்தை யாரோ முக்கியப் பரப்பில் சேர்த்துவிட்டால் 130ஐ 9ஆல் பெருக்கி மாதம் 1,170, ஆண்டு மதிப்பு 14,040, வரி 561.60. வித்தியாசம் ஆண்டுக்கு 43.20. சின்னத் தொகைதான். ஆனால் பட்டியலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாநில அரசு அனுமதித்தால் அதையும் தள்ளிப்போடலாம் என்பதால், இந்தப் பிழை பத்து இருபது வருடம் கூடவே வரும்.

ஆகவே ஆட்சேபக் கடிதம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போய்ப் பட்டியலைப் பார்ப்பது. பார்க்கவும் குறிப்பெடுக்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. உங்கள் வீட்டை மட்டும் பார்க்காதீர்கள். அதே வரிசையில் நடுவீடுகள் மூன்று நான்கு, கோடி வீடு, மூலை வீடு என்று எல்லாவற்றின் ஆண்டு மதிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். மூலை வீட்டுக்கு மதிப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. நடுவீட்டுக்காரர் மூலை வீட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே அளவு, ஒரே அமைப்பு, ஆனால் உங்களுக்கு மட்டும் மதிப்பு அதிகம் என்று காட்ட முடிந்தால் அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. மதிப்பீட்டு அதிகாரி தன் பட்டியலையே மறுத்துப் பேச வேண்டியிருக்கும்.

அடுத்து ஆதாரம். முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தம் முதல் தரம். உங்களுடையது இல்லையென்றால் பக்கத்து வீட்டாருடையது, அவர் சம்மதித்தால். இணையத்தில் 'வாடகைக்கு' என்று போட்டிருக்கும் விளம்பரங்களை அச்செடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அவை கேட்கும் விலை, கிடைத்த விலை அல்ல. அதிலும் பாதி குளிரூட்டி, கட்டில், அலமாரி எல்லாம் சேர்த்து விடும் வீடுகள், வாடகை அதனாலேயே கூடுதலாக இருக்கும். அந்தத் தாள்கள் உங்களுக்கு எதிராகவே திரும்பும். பட்டியல் தயாரித்த காலத்து வாடகைதான் பொருத்தம் என்பதும் நினைவிருக்கட்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் நகல், கூரை ஒழுகல், சுவர் விரிசல் தெரியும் படங்கள், சதுர அடியைச் சதுர மீட்டராக மாற்றிய கணக்கு (1 சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி) இவ்வளவும் இருந்தால் போதும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை சாதாரண தெரஸ் வீட்டுக்கு வீண் செலவு. கடைவீடு, பங்களா, தொழிற்சாலை என்றால் யோசிக்கலாம்.

கால வரம்பு இந்தச் சேவையின் மோசமான பக்கம். புதிய பட்டியலுக்கு மன்றம் அறிவிப்பு கொடுத்து, குறைந்தது 42 நாள் தள்ளி ஒரு மறுஆய்வுத் தேதியை வைக்கும். எழுத்துபூர்வமான ஆட்சேபம் அந்தத் தேதிக்கு 14 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். கையில் மிஞ்சுவது நான்கு வாரம்; கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் கடிதத்தைக் குடியிருப்பவர் அலமாரி மேல் வைத்துவிடுவது ஊரறிந்த கதை. வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாதவருக்கு அறிவிப்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே சுற்றும்.

வீட்டை விரிவாக்கியவர்களுக்கு இன்னொரு வழியாக அறிவிப்பு வரும். பின்பக்கம் சமையலறையை நீட்டினால், முன்பக்கம் கூரை போட்டால், மன்றம் ஐந்தாண்டுக்குக் காத்திராமல் பட்டியலைத் திருத்தலாம். அதற்கு அறிவிப்பு 30 நாள், ஆட்சேபம் அதில் குறித்த தேதிக்கு 10 நாள் முன்பு. இங்கே பார்க்க வேண்டியது ஒன்று: சுவரில்லாத கூரையை அறையாகக் கணக்கிட்டிருக்கிறார்களா? அனுமதியில்லாமல் கட்டியவர் ஆட்சேபம் சொல்லப் போனால் தன்னையே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்பதையும் யோசித்துக்கொண்டு போகவும்.

விசாரணை எப்படி இருக்கும்? ஊருக்கு ஊர் மாறும். ஒரு மேசை, எதிரே குழு, பக்கத்தில் உங்கள் கோப்போடு மதிப்பீட்டு அதிகாரி. சில நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சு மலாயில். தயக்கம் இருந்தால் பிள்ளைகளையோ வேறு ஒருவரையோ பிரதிநிதியாக அனுப்பலாம், சட்டம் அனுமதிக்கிறது. 'சூராட் வக்கில்' எனும் அங்கீகாரக் கடிதத்தை மறக்காமல் கொடுத்தனுப்ப வேண்டும். கோப்பில் ஆதாரங்களை வரிசையாக வைத்து, மேலே ஒரே தாளில் மூன்று எண் எழுதுங்கள்: மன்றம் போட்ட மதிப்பு, பக்கத்து வீடுகளின் மதிப்பு, நீங்கள் கேட்கும் மதிப்பு. மூன்றாவது எண் இல்லாமல் "குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால் குழுவுக்கு எழுத ஒன்றும் இருக்காது.

சேவைக்கு மதிப்பெண் கேட்டால்: செலவுக்கு 5க்கு 5. எளிமைக்கு 3, படிவம் ஒரு பக்கம்தான் என்றாலும் அதில் 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நடுநிலைக்கு 2. வரி வசூலிக்கும் மன்றமே வரியைப் பற்றிய புகாரை விசாரிக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் 1965இலேயே நிறுத்தப்பட்டதால் மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள், நாம் ஓட்டுப் போட்டவர்கள் அல்ல. முடிவுக் கடிதத்தில் காரணம் விவரமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த படி நேராக உயர் நீதிமன்றம். நடுவில் தீர்ப்பாயம் எதுவும் கிடையாது. ஆண்டுக்கு 43 வெள்ளிக்காக யாரும் அங்கே போகப்போவதில்லை.

காலி மனை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கட்டடம் இல்லாத நிலத்துக்கு ஆண்டு மதிப்பு என்பது சந்தை விலையில் 10 விழுக்காடு. மாநில அரசு ஒப்புக்கொண்டால் 5 வரை இறங்கலாம். 2 இலட்சம் வெள்ளி நிலத்துக்கு அது 20,000க்கும் 10,000க்கும் உள்ள வித்தியாசம். எனவே உங்கள் மன்றத்தில் எந்த விழுக்காடு என்பதை முதலில் கேளுங்கள், பிறகு நிலத்தின் விலையைப் பற்றிச் சண்டை போடலாம்.

ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்று பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். முதல் தவணை பிப்ரவரி கடைசிக்குள், இரண்டாவது ஆகஸ்ட் 31க்குள். தவறினால் நிலுவையைக் கட்டச் சொல்லும் 'போராங் ஈ' அறிவிப்பு வரும். அதையும் கிடப்பில் போட்டால் வீட்டுப் பொருளைப் பறிமுதல் செய்யும் வாரண்ட் வரை போகும். ஆட்சேபத்தில் வென்றவர்களும் அடுத்த பில்லை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுப் பிரிவு மாற்றிய எண் வசூல் பிரிவின் கணினிக்குப் போய்ச் சேராமல் பழைய தொகையே அச்சாகலாம். அப்போது முடிவுக் கடிதத்தின் நகலோடு போக வேண்டியது வசூல் முகப்புக்கு, மறுபடி விசாரணை அறைக்கு அல்ல.