முழுக்கைச் சட்டையைச் சுருட்டிய எஸ்டேட் அக்கா

குன்னூரில் ஒரு சின்னக் கைவினைக் கடையில் வாங்கிய பிரிண்ட் இது. ஏ3 அளவு, 450 ரூபாய். சட்டத்தோடு என்றால் இன்னும் 600. அமெரிக்காவின் 'வீ கேன் டூ இட்' (நம்மால் முடியும்) போஸ்டரை எங்காவது பார்த்திருப்பீர்கள்: மஞ்சள் பின்னணி, தலையில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி, புஜத்தை மடக்கிக் காட்டும் பெண். அவள் நின்ற இடத்தில் இங்கே நம் தேயிலை எஸ்டேட் அக்கா ஒருத்தி.

ஓவியருக்குச் சபாஷ் சொல்ல வேண்டியது அந்தச் சட்டைக்குத்தான். சேலைக்கு மேல் ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போவது இங்கே வழக்கம். குளிருக்கும் ஆச்சு, செடியும் கீறாது. அதன் கையைச் சுருட்டிவிட்டதும் அசல் படத்தின் தோரணை தானாக வந்துவிடுகிறது. முதுகில் இருக்கும் மூங்கில் கூடை மட்டும் சுற்றுலாக்காரர்களுக்காக. இப்போது பையும் கத்தரியும்தான் அதிகம்.

"நகத்துல ஒரு கறைகூட இல்லையேம்மா, இவ என்னைக்குக் கொழுந்து கிள்ளினா?" என்றார் அம்மா. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தே எங்களைப் படிக்க வைத்தவர். கேள்வி நியாயம்தான்.

எனக்குக் கோபம் வந்தது பின்னால் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து. 'பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைத்த விடுதலைச் சின்னம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்த அந்த அசல் படம் 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனத்தின் ஆலைகளுக்குள் இரண்டே வாரம் மாட்டியிருந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை இன்னும் முனைந்து உழைக்க வைக்க நிர்வாகம் போட்ட போஸ்டர் அது. பெண்ணியவாதிகள் கையில் எடுத்ததெல்லாம் 1980-களில்தான். அந்தப் போஸ்டர் பெண்ணுக்கு 'ரோஸி' என்ற பெயரும் பிறகு ஒட்டிக்கொண்டதே. அதே ஆண்டு மே மாதம் பத்திரிகை அட்டையில் வந்த நார்மன் ராக்வெல்லின் ரோஸி வேறு ஆள், மடியில் ரிவெட் துப்பாக்கியோடு (உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் கருவி) சாண்ட்விச் சாப்பிடுகிறவள். இலை நிறுக்கிற இடத்தில் கண்காணி இப்படி ஒரு படத்தை மாட்டியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இங்கே எழுத முடியாது.

சரி, தரத்துக்கு வருவோம். கெட்டியான மேட் தாள், நிறம் அருமை. சட்டத்தை மட்டும் வாங்காதீர்கள். பின்பலகை எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை; ஐப்பசி மழைக்கே ஓரம் உப்பிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெறும் பிரிண்டை வாங்கி, கண்ணாடிக் கடையில் மரச்சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை, அட்டையைத் திருத்தினால் நாலு.