பழைய சிஸ்டத்துக்கு டிரைவர்: பேக் போடுவதா, அப்டேட்டை நம்புவதா, ஐடி பார்த்துத் தேடுவதா?

காவிரி டெல்டாவில் உரக்கடை, அரிசி மண்டி, ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் மேஜைக்கு அடியில் ஒரு பழைய சிபியு உறுமிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கோர் டூ டுவோ பிராசசர், ஜி41 மதர்போர்டு, 2 அல்லது 4 ஜிபி ரேம். பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் அது தாராளம். புதிது வாங்க யாருக்கும் அவசரமில்லை. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளும் அப்படித்தான். படித்த பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் ஏதோ ஒரு வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்கும். திரை 1024க்கு 768 என்று நின்றுவிடும். அகலத் திரையில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரியும். பிரின்டர் பட்டியலில் நம் பிரின்டர் இருக்காது. கம்ப்யூட்டரில் உள்ள பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணங்கள். விண்டோஸுக்கும் இந்தப் பொருள்களுக்கும் இடையே பேசும் சின்ன சாஃப்ட்வேர்தான் டிரைவர். அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில் நம் பக்கம் நான்கு வழிகள் புழங்குகின்றன. சர்வீஸ் கடைக்காரர்கள் போடும் டிரைவர் பேக், விண்டோஸ் அப்டேட், ஹார்ட்வேர் ஐடி என்ற அடையாள எண்ணைப் பார்த்து நாமே தேடி எடுப்பது, அப்புறம் விண்டோஸையே விட்டு லினக்ஸுக்குப் போய்விடுவது. பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் மாமாவின் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி மாற்றி விண்டோஸ் 10 ஏற்றியபோது நான் மூன்றாவது வழியில் போனேன். யார் கேட்டாலும் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

டிரைவர் பேக்கின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான டிரைவர்களை அடைத்து வைத்திருப்பார்கள். நெட் தேவையில்லை, ஒரு கிளிக்கில் முடிந்துவிடும். ஒரே நாளில் பல சிஸ்டம் பார்க்கும் கடைக்காரருக்கு இதைவிட்டால் வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் மாதிரி விளம்பரமில்லாத ஓப்பன் சோர்ஸ் கருவிகளும் உண்டு. முழுத் தொகுப்பாக இறக்கினால் பல பத்து ஜிபி வரும், ஆனால் வேலை சுத்தம். எல்லா பேக்கும் அப்படி இல்லை. மாமாவின் சிஸ்டத்துக்கு முன்பு ஒரு கடையில் ஏதோ ஒரு பேக் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிரைவரோடு சேர்ந்து கேட்காத பிரவுசர் ஒன்று, ஆன்டிவைரஸ் ஒன்று, மூலையில் எந்நேரமும் எட்டிப் பார்க்கும் விளம்பரம் ஒன்று. 2 ஜிபி ரேமில் இவ்வளவும் ஓடினால் பில் சாஃப்ட்வேர் திறக்க வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் ஆகிறது. அதைவிடப் பெரிய குறை, எந்தப் பொருளுக்கு எந்த டிரைவரை, எந்தப் பதிப்பைப் போட்டது என்று நமக்குத் தெரியாமலே போய்விடுவது.

விண்டோஸ் அப்டேட்டைப் பலர் குறைத்துப் பேசுகிறார்கள். அது சரியில்லை. விண்டோஸ் 10இல் சவுண்டும் லேன் கார்டும் பெரும்பாலும் தானாகவே வேலை செய்துவிடும். மிச்சத்தை அப்டேட் கொண்டுவரும். ஜி41 போர்டுக்கு விண்டோஸ் 10க்கென்று இன்டெல் தனியாக கிராஃபிக்ஸ் டிரைவர் தரவில்லை. விண்டோஸ் 7 காலத்து டிரைவர்தான் அப்டேட் வழியாக வந்து உட்காரும், திரையும் நேராகிவிடும். மாமா சிஸ்டத்திலும் அப்படித்தான் நேரானது. லேன் வேலை செய்யாவிட்டால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் நெட் கிடைக்கும். ஆனால் அந்த இணைப்பை மீட்டர்டு (டேட்டா அளவுள்ளது) என்று குறித்திருந்தால் டிரைவர் இறங்காது. செட்டிங்ஸின் டிவைசஸ் பகுதியில் அதற்கு ஒரு தனி டிக் இருக்கிறது, அதைப் போட வேண்டும். இந்த ஒரு டிக் தெரியாமல் காத்திருந்து வெறுத்துப்போய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஐடி விஷயத்துக்கு வருகிறேன்.

டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் போட்ட வரியில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்று எடுத்தால் ஒரு நீளமான எழுத்து வரிசை வரும். அதில் இரண்டே துண்டுகள்தான் முக்கியம். வென் என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து, சிப் செய்த கம்பெனி. டெவ் என்பதற்குப் பின்னால் வரும் நான்கு, அந்தக் கம்பெனியின் எந்தச் சிப் என்பது. 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 14இ4 பிராட்காம். யுஎஸ்பியில் செருகுகிற பொருளுக்கு வென், டெவ் இடத்தில் விஐடி, பிஐடி என்று இருக்கும். பெட்டியின் மேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இந்த எண் பொய் சொல்லாது.

மாமா கடையில் ஒரு யுஎஸ்பி வைஃபை குச்சி இருந்தது. நகம் அளவு, கறுப்பு நிறம், மேலே கம்பெனி பெயரே இல்லை. கூட வந்த குட்டி சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. பெயர் இல்லாத பொருளுக்கு எதைச் சொல்லித் தேடுவது? ஐடியைப் பார்த்தேன்: விஐடி 0பிடிஏ, பிஐடி 8179. அது ரியல்டெக்கின் 8188இயு சிப். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தின் தேடல் கட்டத்தில் அந்தத் துண்டை மட்டும் போட்டதும் பட்டியல் வந்தது. முழு வரிசையையும் ஒட்டினால் பல நேரம் ஒன்றும் வராது. சப்சிஸ், ரெவ் என்று நீளும் வாலை வெட்டிவிட்டுத் தேட வேண்டும். விண்டோஸ் பதிப்பைப் பார்த்து ஒன்றை இறக்கினால் கேப் என்ற சுருக்கிக் கட்டிய ஃபைலாக வரும். 7-ஜிப்பில் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்று அந்த ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. செட்டப் ஃபைல் இல்லை, கூடவே ஒட்டிவரும் புரோகிராம் இல்லை. டிஜிட்டல் கையெழுத்திட்ட டிரைவர் என்பதால் 64 பிட் விண்டோஸும் மறுக்காது.

பிராண்டட் சிஸ்டம் என்றால் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கம்தான் முதல் இடம். அசெம்பிள்டு என்றால் போர்டின் மாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். எம்எஸ்இன்ஃபோ32 என்று ரன் கட்டத்தில் அடித்தால் பேஸ்போர்டு வரியில் தெரியும், இல்லாவிட்டால் மூடியைத் திறந்து போர்டிலேயே படிக்கலாம். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்று முக்கோணம் நின்றால் அது சிப்செட் டிரைவர் கேட்கிறது. இன்டெல் போர்டில் பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்று நின்றால் அது மேனேஜ்மென்ட் எஞ்சின். அது இல்லாமலும் கடை வேலை எதுவும் நிற்காது, பதற வேண்டாம். பிராப்பர்ட்டீஸில் கோட் 28 என்று காட்டினால் டிரைவரே இல்லை. கோட் 52 என்றால் டிரைவர் இருக்கிறது, கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, பேக் போட்டால் கால் மணி நேரத்தில் முடியுமே என்று கேட்பீர்கள். முதல் தடவைக்கு அது உண்மை. பழைய சிஸ்டத்தில் டிரைவர் போடுவது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம். நம் பக்கம் கரன்ட் போய் வருவதிலும் வோல்டேஜ் ஏறி இறங்குவதிலும் டிஸ்க் அடிவாங்குகிறது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ரேம் கழற்றித் துடைத்துப் போடாத கடை குறைவு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி ஃபார்மேட் வரத்தான் போகிறது. அன்றைக்கு டிரைவர் எங்கே என்பதுதான் கேள்வி. “நடவு நேரத்துல கடைய மூட முடியாதுடா தம்பி, யூரியாவுக்கு வரிசைல நிக்கிறான்” என்றார் மாமா. அவருக்கு வேண்டியது அன்றைக்கே பில் வருவது, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் பக்கத்தில் எப்போதும் இருக்கும் என்று நம்பவும் முடியாது. இன்டெல் டெஸ்க்டாப் போர்டு தொழிலை விட்டு விலகுவதாக 2013இல் அறிவித்தது. 2019இல் பழைய போர்டுகளின் டிரைவர், பயாஸ் ஃபைல்களைத் தன் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. நேற்று இருந்த பக்கம் இன்று இருக்காது. நெட்டையும் நம்ப முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு, டெல்டாவில் பல ஊர்களில் கரன்டும் டவரும் திரும்ப எவ்வளவு நாள் ஆனது என்பது இங்கிருப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

அதனால் விதைநெல்லை எடுத்துவைப்பது மாதிரி, வேலை செய்யும் டிரைவரை எடுத்துவைக்க வேண்டும். விண்டோஸ் 10இலேயே அதற்கு வழி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பி.என்.பி.யு.டி.ஐ.எல் (pnputil) என்ற கருவியின் பெயரை அடித்து, எக்ஸ்போர்ட்-டிரைவர் கட்டளையோடு ஒரு நட்சத்திரக் குறியும் ஃபோல்டர் பெயரும் கொடுத்தால், விண்டோஸோடு வராமல் பிறகு சேர்த்த டிரைவர் எல்லாம் அந்த ஃபோல்டருக்கு வந்துவிடும். அப்டேட் வழியாக வந்த அந்த கிராஃபிக்ஸ் டிரைவரும் இதில் அடக்கம். 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. மாமா சிஸ்டத்தில் எடுத்தது ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிட்டது. அடுத்த தடவை விண்டோஸ் ஏற்றியதும் டிவைஸ் மேனேஜருக்கு அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். நெட் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம். ஃபோல்டர் பெயரிலேயே போர்டு மாடல், 32 பிட்டா 64 பிட்டா, எந்த விண்டோஸ் என்று எழுதிவிட வேண்டும். பிட் மாறினால் அந்த டிரைவர் உதவாது.

பிரின்டருக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. எக்ஸ்போர்ட் செய்யும்போது டிரைவர் வரும், அதோடு வரும் கன்ட்ரோல் பேனல் புரோகிராம் வராது. போர்ட்டையும் மறுபடி நாமே சேர்க்க வேண்டும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரியான பிரின்டர்கள், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். ஆகவே அதற்குத் தயாரிப்பாளரின் முழு செட்டப் ஃபைலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டாட் மேட்ரிக்ஸுக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து ஆங்கில பில் அடித்துவிடலாம். தமிழில் பில் அடிக்கும் கடைக்கு அது ஆகாது, எழுத்து இருக்கும் இடமெல்லாம் குப்பையாக விழும். ஒன்பது ஊசி பிரின்டர்கள் பலவும் எப்சன் எஃப்எக்ஸ் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதால் அந்த டிரைவரை முயன்று பார்க்கலாம்.

லினக்ஸ் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். டிரைவர் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே வந்துவிடுவதால், டிரைவர் தேடும் வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். ஒரு பழைய அரசு லேப்டாப்பில் போட்டபோது சவுண்டு, வைஃபை, திரை எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. லேசர்ஜெட் 1020க்கு மட்டும் ஹெச்பியின் பிளக்இன் இறக்க வேண்டியிருந்தது. பிராட்காம் வைஃபை இருந்தால் ஃபர்ம்வேர் தனியாகத் தேவைப்படலாம். பழைய என்விடியா கார்டுள்ள சிஸ்டத்தில் நான் லினக்ஸ் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். 32 பிட் மட்டுமே தாங்கும் பெட்டி என்றால் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல் அதற்கான இன்ஸ்டாலரும் நின்றுவிட்டது. மாமாவுக்கு நான் லினக்ஸ் பரிந்துரைக்காததற்குக் காரணம் அவருடைய பில் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடுவதுதான். வீட்டில் பாட்டு கேட்கவும் பிள்ளைகள் படிக்கவும் ஒரு பழைய லேப்டாப் என்றால் முதலில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டன. இந்தச் சிஸ்டம்களில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. மாமாவின் சிஸ்டத்தில் பில் மட்டும்தான், வங்கி வேலை எல்லாம் போனில் என்பதால் அப்படியே ஓடுகிறது. இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிறவர்களுக்கு மேலே சொன்ன எக்ஸ்போர்ட் கட்டளை கிடையாது. ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று உள்ளே போய் ஃபைல்ரெபாசிட்டரி ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அளவு பெரிதாக இருக்கும், விண்டோஸோடு வந்த டிரைவரும் சேர்ந்து கிடக்கும். பரவாயில்லை, பிரவுஸ் செய்யும்போது அந்த ஃபோல்டரைக் காட்டி இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ் டிக்கைப் போட்டால் தனக்கு வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.