கௌலா ஆற்றில் ஒரு நாள் சீட்டு: தூண்டிலோடு ஒரு கோடை, தூண்டில் இல்லாமல் ஒரு கோடை

சால்மனை நோர்வேயில் நாங்கள் லக்ஸ் என்றுதான் சொல்வோம். 22 வருடங்களாக நான் ஃப்ரோயாத் தீவில் லக்ஸ் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதற்கு முன் வடக்கே போட்ஸ்ஃபியோர்ட்டில் கொட் மீன் துண்டு போடும் வேலை. என் கையால் போன லக்ஸைக் கணக்குப் பார்த்தால் பல லட்சம் வரும். அத்தனையும் பண்ணை லக்ஸ். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், பிறந்த ஆற்றுக்கே திரும்பிவரும் லக்ஸை 2023 வரை நான் உயிரோடு கண்டதில்லை.

மகன்தான் ஏற்பாடு செய்தான். துரொண்ட்ஹெய்முக்குத் தெற்கே, ஸ்தோரன் பக்கத்தில், கௌலா ஆற்றங்கரையில் ஒரு விவசாயி லக்ஸ் பிடிக்க நாள் சீட்டுக் கொடுக்கிறார். பெயரை நான் எழுதவில்லை. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு தூண்டில்தான் அவர் கரையில் விடுவார். கூட்டம் வந்தால் அந்தக் கரை தாங்காது என்று அவரே கேட்டுக்கொண்டார். கௌலாவில் சீட்டுக் கொடுக்கும் கரைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்காகவாவது இது உதவட்டும்.

முதலில் காசு விஷயம். கடலில் தூண்டில் போட இந்த நாட்டில் யாரும் காசு கேட்பதில்லை. ஆற்றில் லக்ஸ் பிடிக்கும் உரிமை கரை நிலத்துக்காரருடையது, அதனால் அவரிடம் சீட்டு வாங்க வேண்டும். அதைத் தவிர 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும். 2023 ஜூலையில் எங்கள் இருவருக்கும் சீட்டு 1,800 குரோனர். தூண்டில், இடுப்புக்கு மேல் வரும் றப்பர் காற்சட்டை, முதல் இரண்டு மணிநேரம் அவரே கூட நின்று சொல்லித்தருவது, கோப்பி, பழுப்புச் சீஸ் வைத்த வாஃபல், எல்லாம் அதற்குள். பெயர் பெற்ற ஆறுகளில் ஒரு கிழமைக்குப் பல ஆயிரம் குரோனர் கேட்கும் விடுதிகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

போய் இறங்கியதும் அவர் கை கொடுக்கவில்லை, தொட்டியைக் காட்டினார். சப்பாத்து, வலை, தங்கூசி நூல், நாங்கள் கொண்டுபோன புதுத் தூண்டில்கூட மருந்துத் தண்ணீரில் நனைந்தபிறகுதான் ஆற்றுப் பக்கம் போகலாம். மகனுக்குக் கொஞ்சம் சலிப்பு. பிறகு அவர் காரணத்தைச் சொன்னார். கைரோடக்டிலஸ் என்று அரை மில்லிமீட்டர் அளவில் ஓர் ஒட்டுண்ணி. 1970களில் பால்டிக் பக்கமிருந்து கொண்டுவந்த மீன் குஞ்சுகளோடு நோர்வேக்குள் வந்தது. சுமார் 50 ஆறுகளில் பரவி, குஞ்சுகளின் தோலைத் தின்று, சில ஆறுகளை ஏறக்குறைய வெறுமையாக்கியது. மேற்கே ட்ரீவா ஆற்றில் அது 1980 இல் அகப்பட்டது. 40 வருடங்களுக்குப் பிறகும் அந்த ஆற்றுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஈரச் சப்பாத்து போதும் அதைக் கொண்டுவர. இதைக் கேட்டபிறகு மகன் தன் தொப்பியையும் தொட்டியில் நனைத்தான். தொட்டி வைக்காத, அல்லது வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாத இடத்துக்கு நீங்கள் போனால், அப்படியே திரும்பிவிடுங்கள் என்பேன்.

முதல் ஒரு மணிநேரம் அவர் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. மேசையில் சின்னக் கடித உறைகள். ஒவ்வொன்றிலும் முந்தைய வருடங்களில் பிடிபட்ட மீன்களின் செதில். ஒன்றை லென்ஸுக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெட்டிய மரத்தின் வளையம்போல வட்டங்கள். ஆற்றில் இருந்த வருடங்களில் வட்டம் நெருக்கமாக இருக்கிறது. கடலில் தின்று கொழுத்த கோடையில் அகலமாகிறது, குளிர்காலத்தில் மறுபடி நெருங்குகிறது. அந்த மீன் ஆற்றில் 4 வருடம், கடலில் 2 வருடம் என்று நானே எண்ணிச் சொன்னேன். அடுத்த செதிலில் அந்த ஒழுங்கு இல்லை. ஒரே சீராக அகலம். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்களுடையது. கடலில் எங்கோ கிழிந்த வலைக்கூட்டிலிருந்து தப்பி வந்த பண்ணை லக்ஸ். செதிலை ஒரு நாளைக்கு வாளி வாளியாகக் கழுவி விடுகிறேன். அதற்குள் ஒரு மீனின் முழு வாழ்க்கை எழுதியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகுதான் ஆறு. 3 கிலோவுக்குக் கீழே சின்ன லக்ஸ், 3 முதல் 7 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பெரிய பெண் மீன் கொக்கியில் வந்தால் விட்டுவிட வேண்டும், சினை அதற்குள் இருக்கிறது. கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுக்கக்கூடாது. தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக வாலை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது: ஒரு முறை வீசி, ஓட்டத்தோடு ஓரடி கீழே நகர வேண்டும், பின்னால் வருபவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இதை எல்லாம் அவர் மெதுவாக, எளிய நோர்வேஜியனில், நான் திரும்பச் சொல்லும்வரை சொன்னார். எங்களைப்போன்றவர்களைக் கண்டதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. அது எனக்குப் பிடித்தது.

இறங்கும்போது "ஷித் ஃபிஸ்க" என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அழுக்கு மீன்பிடி'. நல்லாகப் பிடி என்று சொன்னால் கெட்டுப்போகுமாம். என் அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடற்றொழிலாளி. அவர் கடலுக்கு இறங்கும்போது "எங்கே போறீங்கள்" என்று யாரும் கேட்கமாட்டோம். அதை நான் அந்த விவசாயிக்குச் சொன்னபோது அவர் தலையாட்டிய விதத்தில், அப்பாவின் கரையிலும் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும் என்று தோன்றியது.

நான்கு மணிநேரம் வீசினேன். லக்ஸ் எதுவும் கடிக்கவில்லை. எதிர்க்கரைப் பாறையடியில் ஒன்று துள்ளியது. ஐந்து கிலோ இருக்கும், பக்கமெல்லாம் வெள்ளி. அது விழுந்த சத்தம் ஆற்றோரமாகப் போகும் ரயிலின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. மகனுக்குக் கடித்தது விரல் நீளக் குஞ்சு ஒன்று. விவசாயி ஓடிவந்து, நனைந்த உள்ளங்கையில் வைத்து, தண்ணீருக்குள்ளேயே எனக்குக் காட்டினார். விலாவில் யாரோ வரிசையாக விரல் பதித்ததுபோல ஒன்பது சாம்பல் திட்டு, இடையிடையே சிவப்புப் புள்ளி. மூன்று நான்கு வருடம் இந்த ஆற்றில் இருந்து, அந்தத் திட்டெல்லாம் மறைந்து வெள்ளியானபிறகுதான் கடலுக்குப் போகுமாம். தொழிற்சாலைக்கு லக்ஸ் எப்போதும் முழுதாக வளர்ந்துதான் வரும். அதற்கு ஒரு குழந்தை முகம் உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

2024 க்கும் ஜூலை முதல் வாரத்தில் அதே கரையைப் பதிவுசெய்து காசும் கட்டிவிட்டோம். அந்த வருடம் ஜூன் 23 அன்று சுற்றாடல் திணைக்களம் 33 ஆறுகளில் லக்ஸ் பிடிப்பதை நிறுத்தியது. கௌலாவும் அதில் ஒன்று. கடலுக்குப் போனவற்றில் மிகக் குறைவாகவே திரும்பி வந்தன. செய்தி வந்த அன்றைக்கே விவசாயி தொலைபேசியில் கூப்பிட்டார். முழுக் காசும் மறுநாள் கணக்குக்கு வந்துவிட்டது. பிடிக்கும் உரிமையைத்தான் விற்றேன், அது இப்போது என்னிடம் இல்லை என்றார்.

என் மச்சானுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் வேறோர் ஆற்றில், வேறொரு விடுதியில், நான்கு நாட்களுக்குக் காசு கட்டியிருந்தார். அந்த ஆறும் மூடப்பட்டது. அறை திறந்துதான் இருக்கிறது, ஆற்றை மூடியது நாங்கள் இல்லை என்று ஒரு குரோனர்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே பதிவுசெய்யும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆறு மூடினால் காசு என்னாகும்? இனி வரும் கோடைகளில் இது எப்போதாவது வரும் பிரச்சினையாக இருக்காது.

நாங்கள் 2024 இலும் போனோம். தூண்டில் வேண்டாம், கோப்பிக்கு வாருங்கள் என்று அவர்தான் கூப்பிட்டார். ஆறு வெயிலில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒருவரும் இல்லை. மூடிய கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம்தான். 1990 இல் போரால் நாங்கள் மயிலிட்டியை விட்டு வெளியேறினோம். இராணுவத்திடமிருந்து துறைமுகம் 2017 இல் திரும்பக் கிடைத்தபோது அப்பா இல்லை. ஆனால் அங்கே மனிதரைத்தான் தடுத்தார்கள். மீன் இருந்தது.

அவரிடம் நான் ஒளிக்காமல் கேட்டேன், நான் வேலை செய்யும் தொழில்தான் காரணமா என்று. அவர் நேரடியாகப் பதில் சொன்னார். கடல் சூடாகிறது, இரை குறைகிறது, அது ஒரு பக்கம். மறு பக்கம் பேன், மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு அதைத் தின்னும் கடற்பேன். இந்த ஆற்றுக் குஞ்சுகள் மே மாதம் இறங்கிப் போகும் துரொண்ட்ஹெய்ம் ஃபியோர்ட்டின் உள்ளே பண்ணைக்கு அனுமதி இல்லை. அந்தக் குடாவின் வாயைத் தாண்டினால் ஹித்ரா, ஃப்ரோயாத் தீவுகள், எங்கள் கூடுகள். ஒரு கூட்டில் 2 லட்சம் மீன் வரை வைக்கலாம். மீன் ஒன்றுக்குச் சராசரியாக 0.5 பெண் பேன் வரை சட்டம் விடுகிறது. குஞ்சு இறங்கும் கிழமைகளில் 0.2. பெருக்கிப் பாருங்கள். கடுமையான அந்தக் கிழமைகளில்கூட ஒரே கூட்டில் 40,000 பெண் பேன் சட்டப்படி இருக்கலாம். 20 கிராம் குஞ்சு மீது பத்துப் பன்னிரண்டு ஏறினால் அது பிழைக்காது. தப்பிய பண்ணை மீன் ஆறுகளில் கலந்ததில், ஆராய்ந்து பார்த்த ஆற்று இனங்களில் மூன்றில் இரண்டு பங்கில் பண்ணை ரத்தம் ஏறிவிட்டது. 1980களில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் லக்ஸ் நோர்வேக் கரைக்குத் திரும்பியது. இப்போது அதில் பாதியும் இல்லை. 2021 இல் ஆற்று லக்ஸ் இந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில், அழிவை நெருங்கும் உயிரினங்களின் பட்டியலில், ஏறியது.

அந்தத் தொழிலில் வந்த காசில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். அதை நான் மறுக்கமாட்டேன், அதைக் கைவிடச் சொல்லவும் இல்லை. ஆனால் வலைக்கூட்டுக்குப் பதிலாக அடைத்த தொட்டியில் வளர்க்க முடியும், செலவுதான் கூட. அந்தச் செலவை இதுவரை கௌலாக் குஞ்சுகள் கட்டிவருகின்றன. வேலையிடத்துக் கூட்டத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. கரைக்கு இறங்கும் பாதை செங்குத்து, பிடிக்கக் கயிறு ஒன்றுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். கழிப்பறை வீட்டில்தான், ஆற்றிலிருந்து பத்து நிமிட ஏற்றம். றப்பர் காற்சட்டைகள் எல்லாம் ஆண்கள் அளவு. எனக்குக் கிடைத்ததன் பாதம் 42, என் கால் 37. ஓட்டத்தில் இரண்டு முறை தடுமாறினேன், அவர் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். பெண்களும் வருகிறார்கள், ஒரு சின்ன அளவாவது வாங்கி வையுங்கள் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.

மீன் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சீட்டு சரிவராது. வீட்டில் ஆற்று லக்ஸ் குழம்பு வைக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். குழம்புக்கு நான் இப்போதும் கொட் தலைதான் வாங்குகிறேன். இந்த மீன் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எதனால் வராமல் போகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2023 இல் பருவம் ஜூன் முதல் ஓகஸ்ட் முடியும்வரைதான் இருந்தது; ஆறு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் 20 பாகைக்கு மேல் சூடானால் அன்றைக்குத் தூண்டில் போட விடமாட்டார். மீன் ஏற்கனவே மூச்சுக்குத் திணறும் நேரம் அது. செதில் உறைகளைக் காட்டச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள், எல்லோருக்கும் எடுத்துக் காட்டமாட்டார். சின்னப் பாதம் உள்ளவர்கள் சொந்த றப்பர் சப்பாத்துக் கொண்டுபோங்கள், தொட்டியில் நனைத்துத் தருவார்.